வெற்றிட உலையில் இணைப்பு தவறினால்: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

நாகர்கோவில் வடசேரியில் கோயில் நகை செய்யும் பட்டறைகளில், இரண்டு துண்டுகளைச் சேர்க்க வேண்டிய இடத்தில் வெண்காரத்தைக் குழைத்துத் தடவி, பக்கத்தில் பொடி (உருகி ஓடித் துண்டுகளை ஒட்டவைக்கும் பற்றாசு) வைத்து, ஊதுகுழலால் தீயை அந்த இடத்துக்கே செலுத்துவார்கள். வெண்காரம் உருகி உலோகத்தின் மேலுள்ள ஆக்சைடைக் கரைத்த பிறகுதான் பொடி ஓடும். காற்றை நீக்கிய உலையில், ஃபில்லர் எனப்படும் நிரப்பு உலோகத்தை உருக்கிப் பாகங்களைச் சேர்க்கும் வெற்றிடப் பிரேசிங்கும் இதே வேலைதான். ஆனால் இங்கே வெண்காரம் கிடையாது. ஆக்சைடை விலக்கும் பொறுப்பு முழுவதும் வெற்றிடத்தின் மீதும் வெப்பத்தின் மீதும் நாம் செய்த சுத்தத்தின் மீதும் விழுகிறது. விரவல் பிணைப்பில் பொடியும் இல்லை. இரண்டு உலோகப் பரப்புகளை உருகாத வெப்பநிலையில் அழுத்தி வைத்து, அணுக்கள் ஒன்றுக்குள் ஒன்று விரவும் வரை காத்திருக்கிறோம்.

நான் நாகர்கோவிலை அடுத்த ஒரு சிறிய பட்டறையில் வெற்றிட உலையை இயக்குகிறேன். ஓர் இணைப்பு தவறும்போது என்ன பார்த்தோம், அதற்கு என்ன காரணம், அடுத்து எதைச் சோதிக்க வேண்டும் என்ற வரிசையில் இதை எழுதுகிறேன். தொடங்கும் முன் ஒரு கோரிக்கை உண்டு: ஃபில்லர் ஓடவில்லை என்றவுடன் வெப்பநிலையை 20 டிகிரி கூட்டி மறுபடி ஓட்டாதீர்கள். பெரும்பாலான பிழைகள் உலைக் கதவை மூடுவதற்கு முன்பே பாகத்தில் இருந்தவை. வெப்பத்தைக் கூட்டினால் பழைய பிழை அப்படியே இருக்க, புதிதாக இன்னொன்று சேரும். ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஒவ்வொரு லோடிலும் (உலையில் ஒரு முறை ஏற்றும் தொகுதி) அதே உலோகத்தில், அதே ஃபில்லரில், துண்டுகளுக்கு இடையே அதே இடுக்கில் செய்த ஒரு சாட்சித் துண்டையும் வையுங்கள். வாடிக்கையாளரின் பாகத்தை அறுத்துப் பார்க்க முடியாது. சாட்சித் துண்டை அறுக்கலாம்.

வெற்றிடமானி இறங்க மறுக்கிறது

நிக்கல் ஃபில்லர் வேலைக்கு 10⁻⁴ மில்லிபாருக்குக் கீழேயும், டைட்டானியத்துக்கும் அலுமினியத்துக்கும் 10⁻⁵ மில்லிபார் அளவிலும் வெற்றிடம் வேண்டும். வழக்கமாக ஒரு மணி நேரத்தில் எட்டும் அளவை இரண்டு மணி நேரமாகியும் எட்டவில்லை என்றால், முதலில் பிரித்தறிய வேண்டியது ஒன்றே: வெளியிலிருந்து காற்று கசிகிறதா, உள்ளே ஒட்டியிருக்கும் ஈரம் ஆவியாகிக்கொண்டிருக்கிறதா?

இதைப் பிரித்துக் காட்டும் சோதனைக்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். குளிர்ந்த, காலியான உலையில் வெற்றிடத்தை எட்டிய பின் பம்புகளுக்கான வால்வை மூடிவிட்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அழுத்தத்தைக் குறித்து வரைபடம் போடுங்கள். நேர்கோடாக ஏறிக்கொண்டே போனால் அது உண்மையான கசிவு. முதலில் வேகமாக ஏறி, பிறகு வளைந்து படுத்துவிட்டால் அது ஈரமோ எண்ணெயோ. ஏறும் வேகம் மணிக்கு 10 மைக்ரான் பாதரசத்தை, அதாவது ஏறத்தாழ 0.013 மில்லிபாரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவான வரம்பு. குரோமியம் மிகுந்த உலோகங்களுக்கும் டைட்டானியத்துக்கும் அதில் பாதிக்குள் இருப்பதையே நான் ஏற்கிறேன்.

நம் மாவட்டத்துக்கு இதில் தனிக் கவனம் தேவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் இங்கே பெய்கின்றன. இடைப்பட்ட மாதங்களிலும் கடற்காற்றில் ஈரம் குறைவதில்லை. கிராஃபைட் கம்பளி போர்த்திய உலை, கதவு திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே லோடைப் பக்கத்து மேசையில் முழுமையாக அடுக்கித் தயாராக வைத்துக்கொண்டு பிறகே கதவைத் திறக்க வேண்டும். வேலை இல்லாத நாட்களில் உலையை வெற்றிடத்திலேயே நிறுத்தி வைக்க வேண்டும். குளிர்நீரின் வெப்பநிலை அறைக் காற்றின் பனிநிலைக்குக் கீழே போனால் உட்சுவரில் நீர் பூக்கும் என்பதால், கதவு திறந்திருக்கும் நேரத்தில் குளிர்நீரைச் சற்று வெதுவெதுப்பாக வைத்திருக்க வேண்டும். ரோட்டரி பம்பின் எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது. பம்புக்குள் சிறிது காற்றை விட்டு ஈரத்தை வெளியேற்றும் கேஸ் பேலஸ்ட் வால்வைத் திறந்து அரை மணி நேரம் ஓட்டியும் தெளியாவிட்டால் எண்ணெயை மாற்றிவிடுங்கள்.

கசிவு என்று உறுதியானால், கடைசியாகத் திறந்து மூடிய இடத்திலிருந்து தேடுங்கள். ஒரு ஆடி மாதத்தில் எங்களுக்கு மூன்று நாள் இழப்பு ஏற்பட்டது. வரைபடம் நேர்கோடாக ஏறியது. வெப்பமானிகள் நுழையும் துளைகள், வால்வுகள், பம்பு இணைப்புகள் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினோம். கடைசியில் கதவை அடைக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கைக் கைவிளக்கின் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே கட்டைவிரலால் தடவிக்கொண்டு வந்தபோது, ஆறு மணி நிலைக்குச் சற்றுத் தள்ளி ஏதோ நெருடியது. கிரீஸில் புதைந்து, ஓ-ரிங்கின் குறுக்கே கிடந்தது ஒரே ஒரு தேங்காய் நார். வாசலில் போட்டிருந்த கயிற்று மிதியடியிலிருந்து ஆரல்வாய்மொழிக் காற்று அதைக் கொண்டுவந்திருக்க வேண்டும். முடியளவு தடிமன் கொண்ட அந்த நாரின் இரு பக்கமும் ரப்பர் படியாமல் விட்ட நுண்ணிய வாய்க்கால் வழியே மூன்று லோடுகள் கெட்டன. அன்று முதல் கதவை மூடும் முன் நார் உதிராத துணியால் ஓ-ரிங்கை ஒரு சுற்றுத் துடைப்பதும், விரலால் ஒரு சுற்றுத் தடவுவதும் எங்கள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டிய வேலைகளாகிவிட்டன. மிதியடியும் வாசலைவிட்டுப் போய்விட்டது.

குளிரில் ஏறக்குறையச் சரியாக இருந்து, சூடேறிய பிறகு வெற்றிடம் கெட்டால், இரட்டைச் சுவருக்குள் ஓடும் நீரைச் சந்தேகியுங்கள். பற்றவைப்பில் உள்ள நுண்விரிசல் சூட்டில் விரிந்து நீராவியை உள்ளே விடும். நீரோட்டத்தை நிறுத்தி, சுவர்களுக்கிடையே உள்ள நீரை அழுத்தக் காற்றால் ஊதி வெளியேற்றிவிட்டு, குளிர்ந்த நிலையில் அதே சோதனையைத் திரும்பச் செய்யுங்கள். ஏறும் வேகம் குறைந்தால் காரணம் அதுவே. நீர் இல்லாமல் உலையை ஒருபோதும் சூடேற்றக் கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பாகம் நிறம் மாறி வெளியே வருகிறது

துருப்பிடிக்கா எஃகு வெள்ளியைப் போல, உள்ளே போனதைவிடப் பளிச்சென்று வெளியே வர வேண்டும். வைக்கோல் நிறமோ நீலமோ பச்சையோ கண்டால், உடனே இணைப்பைப் பாருங்கள். ஃபில்லர் நன்றாக ஓடி, விளிம்பில் மெல்லிய குழிவோடு படிந்திருக்கிறது, ஆனால் பாகம் மட்டும் நிறம் மாறியிருக்கிறது என்றால், ஆக்சிஜன் வந்தது பிரேசிங் முடிந்த பிறகு, குளிரும்போது. குளிர்விக்க விட்ட ஆர்கானின் தூய்மை, அந்தக் குழாயின் இணைப்புகள், கதவைத் திறந்தபோது பாகத்தின் வெப்பநிலை ஆகிய மூன்றையும் சோதியுங்கள். 100 டிகிரி செல்சியஸுக்குக் கீழே வரும்வரை கதவைத் திறக்காதீர்கள். ஃபில்லரும் ஓடவில்லை, பாகமும் நிறம் மாறியிருக்கிறது என்றால், ஆக்சிஜன் சூடேறும்போதே இருந்தது. முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். மங்கிய பச்சை நிறம் குரோமியம் ஆக்சைடு. அது வந்துவிட்டால் அந்தப் பரப்பில் எந்த நிக்கல் ஃபில்லரும் ஒட்டாது.

கரிய படலம் வேறு கதை. பசை வடிவ ஃபில்லரில் உள்ள பிசின் 300 முதல் 550 டிகிரிக்குள் ஆவியாகிறது. அந்த இடத்தில் அவசரமாக ஏறினால் வெற்றிடம் கெட்டு, பிசின் கரியாகிப் பாகத்தின் மேல் படியும். சுமார் 450 டிகிரியில் நிறுத்தி, வெற்றிடம் பழைய நிலைக்குத் திரும்பிய பிறகே மேலே போக வேண்டும். இங்கே கடிகாரத்தைப் பார்க்காமல் வெற்றிடமானியைப் பார்த்து முடிவு செய்வதுதான் சரி.

உலையின் குளிர்ந்த சுவரில் செம்பு நிறப் பூச்சு படிந்திருந்தால், செம்பு ஃபில்லர் ஆவியாகிக்கொண்டிருக்கிறது. 950 டிகிரிக்கு மேல் 0.1 முதல் 1 மில்லிபார் அளவுக்கு ஆர்கானை விட்டு வைத்தால் அது அடங்கும். எஃகிலிருந்து குரோமியம் ஆவியாவதையும் இதே முறை தடுக்கும். சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தால் துத்தநாகத்தைத் தேடுங்கள். துத்தநாகம் 907 டிகிரியிலும் காட்மியம் 767 டிகிரியிலும் சாதாரண அழுத்தத்திலேயே கொதிப்பவை; வெற்றிடத்தில் அதற்கு வெகு முன்னதாகவே ஆவியாகி உலை முழுவதையும் கெடுத்துவிடும். பித்தளையை உள்ளே வைக்கக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் நுழைவது கட்டுக்கம்பி. பாகங்களைச் சேர்த்துக் கட்ட யாராவது துத்தநாகம் பூசிய கம்பியையோ பூச்சுப் போட்ட போல்ட்டையோ எடுத்திருக்கிறார்களா என்று லோடு ஏறும்போதே பாருங்கள்.

ஃபில்லர் உருகியிருக்கிறது, ஆனால் சேம்பிலையில் நீர் போல உருண்டு நிற்கிறது

உருகியது என்பதால் வெப்பம் போதுமானதாக இருந்திருக்கிறது. ஒட்டவில்லை என்பதால் பரப்பில் ஏதோ இருக்கிறது. வெப்பத்தைக் கூட்டுவது இங்கேதான் மிகவும் வீணானது.

தாய் உலோகத்தின் (சேர்க்கப்படும் பாகத்தின் உலோகம்) சான்றிதழை எடுத்து, அலுமினியமும் டைட்டானியமும் எவ்வளவு என்று பாருங்கள். இரண்டும் சேர்ந்து அரை விழுக்காட்டைத் தாண்டினாலே கவனம் தேவை. குரோமியம் ஆக்சைடின் மெல்லிய படலம் நல்ல வெற்றிடத்தில் 1000 டிகிரியை ஒட்டிச் சிதைந்துவிடும். அலுமினியம் ஆக்சைடு சிதையாது. இன்கோனல் 718 போன்ற நிக்கல் கலப்பு உலோகங்களை நேரடியாகப் பிரேஸ் செய்ய முயன்றவர்கள் இந்த உருண்டைகளைப் பார்த்திருப்பார்கள். அவற்றுக்கு இணைப்புப் பரப்பில் 10 முதல் 25 மைக்ரான் தடிமனுக்கு மின்முலாம் முறையில் நிக்கல் பூச வேண்டும். மின்சாரமில்லா முறையில் பூசிய நிக்கலில் பாஸ்பரஸ் இருப்பதால், 880 டிகிரியை ஒட்டியே அந்தப் பூச்சு உருகத் தொடங்கிவிடும்; பூச்சுக் கடையில் இதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இன்னொரு காரணம் நம் கடற்கரையோடு தொடர்புள்ளது. மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், மோனசைட், சிர்க்கான், ரூட்டைல் ஆகியவற்றோடு கார்னெட்டும் கிடைக்கிறது. கார்னெட் நல்ல வெடிப்பு மணல். துருவை நீக்குவதற்கும் பெயின்ட் பூச்சுக்கு முன்பும் அதை அடிப்பது சரியே. ஆனால் பிரேசிங் பரப்பில் கார்னெட்டோ அலுமினாவோ கண்ணாடி மணியோ அடித்தால், உடைந்த துகள்கள் உலோகத்தில் குத்திக்கொண்டு நின்றுவிடும். கழுவினால் போகாது, கண்ணுக்கும் தெரியாது. ஃபில்லர் ஒவ்வொரு துகளையும் சுற்றி விலகி ஓடும். எங்களிடம் வந்த ஒரு தொகுதித் தகடுகள் பார்க்க மிக அழகாக, ஒரே சீராக மங்கியிருந்தன. நிக்கல் ஃபில்லர் ஒன்றில்கூட ஓடவில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்தபோது சிவப்பு மின்னல்கள் தெரிந்தன. பரப்பைச் சொரசொரப்பாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் துருப்பிடிக்கா எஃகுத் துகளையோ நிக்கல் துகளையோ அடியுங்கள். கார்னெட் அடித்த பரப்பை அமிலத்தில் கரைத்தோ கடைந்தோ ஒரு படலம் நீக்காமல் ஏற்காதீர்கள்.

மற்றவை சிறியவை. அசிட்டோனில் கழுவிய பின் வெறுங்கையால் தொடாதீர்கள். கழுவிய பாகம் கடற்காற்றில் ஓர் இரவு திறந்து கிடந்தால், அதன்மேல் படியும் உப்பும் ஈரமும் போதும். கழுவிய அன்றே உலையில் ஏற்றுங்கள், முடியாவிட்டால் சிலிக்கா ஜெல் இட்ட மூடிய பெட்டியில் வையுங்கள்.

ஃபில்லர் ஓடிவிட்டது, ஆனால் இடுக்கில் இல்லை

நிக்கல் ஃபில்லருக்கு இடுக்கு 0.02 முதல் 0.1 மி.மீ. வரை இருக்கலாம்; செம்புக்கு 0 முதல் 0.05 மி.மீ. இந்த அளவுகள் பிரேசிங் வெப்பநிலையில் இருக்க வேண்டியவை. பாகத்தின் வரைபடத்தில் போட்டிருப்பது அறை வெப்பநிலை அளவு. இரண்டும் ஒன்றல்ல என்பதை மறந்ததால் வரும் பிழைகளை நான் எண்ணி முடிக்க முடியாது.

ஒரு கணக்குப் பார்ப்போம். 50 மி.மீ. விட்டமுள்ள 430 வகை எஃகுத் தண்டின் மேல் 304 வகை எஃகு வளையம் அமர்கிறது. அறையில் ஒரு பக்க இடுக்கு 0.05 மி.மீ., குறையே சொல்ல முடியாது. 304 எஃகு 430 எஃகைவிட டிகிரிக்குப் பத்து லட்சத்தில் ஏறக்குறைய 6 பங்கு அதிகம் விரியும். 1000 டிகிரி ஏறும்போது விட்டத்தில் 0.3 மி.மீ. கூடுதலாகத் திறக்கும், ஒரு பக்கத்துக்கு 0.15 மி.மீ. ஆக, ஃபில்லர் உருகும் தருணத்தில் இடுக்கு 0.2 மி.மீ. ஆகிவிட்டது. நுண்புழை ஈர்ப்பு அங்கே திரவத்தைப் பிடித்து நிறுத்தாது. அது வழிந்து கீழே தட்டில் நிற்கும். மாறாக, அதிகம் விரியும் உலோகம் உள்ளே இருந்தால் இடுக்கு முழுமையாக மூடி, ஃபில்லர் நுழைய வழியே இல்லாமல் போகும். முதல் நிலைக்கு, அறையிலேயே அழுத்திச் செருகும்படி அளவை மாற்றுங்கள், அல்லது எந்த உலோகம் வெளியே வர வேண்டும் என்பதை வடிவமைப்பாளரிடம் பேசுங்கள்.

இடுக்கு சரியாக இருந்தும் ஃபில்லர் வைத்த இடத்தில் ஒரு முரட்டுக் கூடு மட்டும் மிஞ்சியிருந்தால், ஃபில்லர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிஎன்ஐ-2 என்ற நிக்கல் ஃபில்லர் 970 டிகிரியில் உருகத் தொடங்கி 1000 டிகிரியில் முழுதும் உருகும். இந்த முப்பது டிகிரியை மெதுவாகக் கடந்தால், முதலில் உருகும் பகுதி ஓடிவிட, உருகக் கடினமான பகுதி எலும்புக்கூடாக நின்றுவிடும். ஆகவே 940 டிகிரியை ஒட்டி நிறுத்தி, தடித்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஒரே வெப்பத்துக்கு வரும்வரை காத்திருந்து, பிறகு நிமிடத்துக்கு 10 முதல் 15 டிகிரி வேகத்தில் 1040 டிகிரியைத் தாண்டுங்கள். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை உலைச் சுவரின் வெப்பமானி சொல்லாது. லோடின் மிகத் தடித்த பாகத்தில் துளையிட்டு ஒரு வெப்பமானியைச் செருகுங்கள். சுவர் 940 காட்டும்போது பாகத்தின் நடுவில் 860 இருப்பதை நீங்களே பார்ப்பீர்கள்.

இடுக்கின் நடுவில் மட்டும் ஃபில்லர் நிரம்பாத காலியிடம் இருந்து, இரு ஓரமும் நிரம்பியிருந்தால், இரு பக்கமும் ஃபில்லர் வைத்து நடுவில் வாயுவைச் சிறைப்படுத்திவிட்டீர்கள். ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். மறுபக்கம் வந்து எட்டிப் பார்க்கும் ஃபில்லரே இணைப்பு நிறைந்ததற்குச் சாட்சி. மூடிய குழிகளுக்குக் காற்றுத் துளை அவசியம்.

நடுக்கோட்டில் விரிசல்

இணைப்பு நிரம்பியிருக்கிறது, ஹீலியம் வாயுவால் செய்யும் கசிவுச் சோதனையிலும் தேறியது, ஆனால் அதிர்விலோ குளிரிலோ உடைகிறது. சாட்சித் துண்டை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவி நுண்ணோக்கியில் பாருங்கள். இணைப்பின் நடுவே வெளிறிய ஒரு தொடர்கோடு தெரிந்தால், அது போரைடும் சிலிசைடும் சேர்ந்த கடினமான, நொறுங்கும் பகுதி. நிக்கல் ஃபில்லரின் உருகுநிலையைக் குறைக்கவே போரானும் சிலிக்கானும் சேர்க்கப்படுகின்றன. இடுக்கு குறுகலாக இருந்தால் போரான் இருபுறத் தாய் உலோகத்துக்குள் விரவிப் போய்விடும், அகலமாக இருந்தால் கடைசியாக உறையும் நடுப்பகுதியில் மாட்டிக்கொள்ளும். இடுக்கை 0.05 மி.மீ.க்குள் கொண்டு வாருங்கள். பிரேசிங் வெப்பநிலையில் 10 நிமிடத்துக்குப் பதில் 30 நிமிடமோ ஒரு மணி நேரமோ பிடியுங்கள். கோடு முதலில் துண்டு துண்டாக உடைந்து, பிறகு மறைவதைச் சாட்சித் துண்டுகளில் அடுத்தடுத்துப் பார்க்கலாம். இந்தத் தொழிலில் எனக்கு மிகுந்த மனநிறைவு தரும் காட்சி அது.

நேரத்தைக் கூட்டும்போது எதிர்ப்பக்கப் பிழையையும் கவனியுங்கள். தாய் உலோகம் 0.1 மி.மீ. தடிமனுள்ள மெல்லிய தகடாக இருந்தால், திரவ ஃபில்லர் அதைக் கரைத்தே தின்றுவிடும். ஃபில்லர் குவிந்த இடத்தில் ஓட்டை விழும். அங்கே வழி ஃபில்லரின் அளவைக் குறைப்பதும், வெப்பத்தைக் கீழ் எல்லையிலேயே வைப்பதும்தான்.

விரிசல் இணைப்பில் இல்லாமல் பக்கத்துத் தாய் உலோகத்தில் இருந்து, அதற்குள் ஃபில்லர் புகுந்திருந்தால், அந்த உலோகம் இழுவிசையோடு உலைக்குள் போயிருக்கிறது. வளைத்ததும் கடைந்ததும் விட்டுச் சென்ற உள்விசையை முன்கூட்டியே பதப்படுத்தி நீக்குங்கள். பாகங்களைத் தாங்கி நிறுத்தும் ஃபிக்ஸ்சர் இறுக்கிப் பிடிக்கிறதா என்றும் பாருங்கள்.

ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் வரும் மகேந்திரகிரியில் இஸ்ரோ சோதிக்கும் க்ரையோஜெனிக் எஞ்சின்களில் திரவ ஹைட்ரஜன் மைனஸ் 253 டிகிரியில் ஓடுகிறது. அறை வெப்பநிலையில் கசியாத இணைப்பு அந்தக் குளிரிலும் கசியாது என்று கொள்ள முடியாது. அவ்வளவு கடுமையான வேலை நம் கைக்கு வராவிட்டாலும், குளிர்பதன வேலைக்கான பாகங்களை ஹீலியம் சோதனைக்கு முன் மூன்று முறை திரவ நைட்ரஜனில் முக்கி எடுப்பது எங்கள் வழக்கம்; நடுக்கோடு உள்ளவை அங்கேயே வெளிப்பட்டுவிடும்.

நடுவில் மின்சாரம் போய்விட்டது

ஐப்பசி இடிமழையில் இது நடக்கும். முதலில் காப்பாற்ற வேண்டியது உலையையும், சூடான எண்ணெய் ஆவியால் உயர் வெற்றிடம் தரும் டிஃப்யூஷன் பம்பையும். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் நீர்க்குழாய் ஒன்று குளிர்நீர்ச் சுற்றோடு இணைந்திருக்க வேண்டும். அடுத்து, லோடு எந்த வெப்பநிலையை எட்டியிருந்தது என்று பதிவைப் பாருங்கள். ஃபில்லர் உருகத் தொடங்கும் வெப்பநிலைக்குக் கீழே நின்றுவிட்டு, வெற்றிடமும் காக்கப்பட்டிருந்தால், பாகம் பளிச்சென்று இருந்தால் மறுபடி ஓட்டலாம். உருகிய பிறகு நின்றிருந்தால் அதே ஓட்டத்தைத் திரும்பச் செய்வது பயன் தராது; போரான் விரவிப் போனதால் ஃபில்லரின் உருகுநிலை உயர்ந்துவிட்டது. சோதித்துப் பார்த்து, குறையுள்ள இடங்களில் புதிய ஃபில்லர் வைத்தே ஓட்ட வேண்டும்.

அலுமினியத்தில் பாகமே சரிந்துவிட்டது

அலுமினியம்-சிலிக்கான் ஃபில்லர் 590 முதல் 600 டிகிரியில் ஓடுகிறது. 3003 வகை அலுமினியம் 643 டிகிரியில் உருகத் தொடங்குகிறது, 6061 வகையோ 582 டிகிரியிலேயே. பாகம் சரிந்திருந்தால் முதலில் உலோகத்தின் வகை மாறிவிட்டதா என்று பாருங்கள். பிறகே வெப்பமானியைச் சந்தேகியுங்கள். ஃபில்லரிலிருந்து ஆவியாகிச் சுவரில் படியும் மக்னீசியத் தூள் தீப்பற்றக்கூடியது. அதைச் சுரண்டும் முன் உலை முழுதும் குளிர்ந்திருக்க வேண்டும்.

பாகம் ஃபிக்ஸ்சரோடு ஒட்டிவிட்டது, அல்லது தொட்ட இடம் உருகியிருக்கிறது

தனித்தனியே உருகாத இரண்டு பொருள்கள் தொட்டுக்கொள்ளும் இடத்தில் தாழ்ந்த வெப்பநிலையில் உருகலாம். இரும்பும் கரியும் 1147 டிகிரியில், டைட்டானியமும் நிக்கலும் 942 டிகிரியில். எஃகைக் கிராஃபைட் மேல் நேரடியாக வைக்காதீர்கள். இடையே அலுமினாத் தகடு போடுங்கள். ஃபில்லர் பரவக் கூடாத இடத்தில் தடவும் தடுப்புப் பூச்சை மெல்லிய தூரிகையால் தடவுங்கள். தெளித்தால் இணைப்புக்குள்ளும் விழும்.

விரவல் பிணைப்பு: கையால் தட்டினால் பிரிகிறது

பிரிந்த இரண்டு பரப்புகளையும் சாய்ந்த வெளிச்சத்தில் பாருங்கள். லேத்தில் கடைந்த வட்டக் கோடுகள் உலைக்குப் போகும் முன் இருந்ததைப் போலவே பளபளப்பாக, முகடு மழுங்காமல் இருந்தால், அந்தப் பரப்புகள் ஒன்றையொன்று தொடவே இல்லை. மழுங்கிய முகடுகளும் ஆங்காங்கே மங்கிய சாம்பல் திட்டுகளும் தெரிந்தால், தொட்டன, ஆனால் அழுத்தமோ வெப்பமோ நேரமோ போதவில்லை. பரப்பு முழுதும் மங்கி, கிழிந்ததைப் போலச் சொரசொரப்பாக இருந்தால், அது பிணைந்த பிறகு உடைந்தது. அதை வேறு பிழையாகக் கொள்ளுங்கள்.

தொடவே இல்லை என்றால் சமதளத்தைப் பாருங்கள். பரப்பின் சொரசொரப்பு 0.4 மைக்ரானுக்குள் இருந்தும், தகடு முழுவதுமாக 20 மைக்ரான் வளைந்திருந்தால் நடுவில் பிணையாது. லேப்பிங் (நுண்பொடியால் தேய்த்துச் சமப்படுத்துவது) செய்த பிறகு ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து அளவு பாருங்கள்.

அழுத்தம் போதவில்லை என்பதைக் கணக்கே காட்டிவிடும். 100 மி.மீ. சதுரத் தகட்டில் 5 மெகாபாஸ்கல் வேண்டும் என்றால், 50,000 நியூட்டன், அதாவது ஏறத்தாழ ஐந்து டன் எடை. மேலே கனமான இரும்புக் கட்டியை வைத்து ஓட்டினேன் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். அழுத்தும் ராம் உள்ள உலை இல்லாவிட்டால், குறைவாக விரியும் மாலிப்டினம் போல்ட்டுகளுக்கு நடுவே, அவற்றைவிட அதிகம் விரியும் எஃகையும் பாகத்தையும் இறுக்கி வைத்து, விரிவின் வேறுபாட்டையே அழுத்தமாக்கலாம்.

வெப்பத்துக்கு ஒரு வழிகாட்டி: உருகுநிலையைக் கெல்வினில் எடுத்து, அதில் 0.6 முதல் 0.8 பங்கு. செம்பின் உருகுநிலை 1085 டிகிரி செல்சியஸ், அதாவது 1358 கெல்வின். ஆகவே 540 முதல் 810 டிகிரி செல்சியஸ் வரை. செல்சியஸிலேயே பங்கு போட்டுவிட்டுக் குறைந்த வெப்பத்தில் ஓட்டிய லோடு ஒன்று எங்களிடமும் பிரிந்து வந்திருக்கிறது. டைட்டானியம் 6-4 (6% அலுமினியமும் 4% வனேடியமும் கலந்தது) உலோகத்துக்கு 900 முதல் 930 டிகிரி, 2 முதல் 5 மெகாபாஸ்கல், ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் என்பது நல்ல தொடக்கம். 995 டிகிரியை ஒட்டி அதன் உள்ளமைப்பே மாறுவதால் அதை நெருங்காதீர்கள். டைட்டானியம் தன் மேலுள்ள ஆக்சைடைத் தனக்குள்ளேயே கரைத்துக்கொள்ளும் என்பதால் எளிதில் பிணையும். அலுமினியம் கரைப்பதில்லை, பிணைய மறுத்தால் உங்கள் கைத்திறனைக் குறை சொல்லாமல், இடையே செம்பு அல்லது வெள்ளிப் படலம் வைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

பிணைந்தது, ஆனால் கண்ணாடி போல் உடைகிறது

டைட்டானியத்தையும் எஃகையும் நேரடியாகச் சேர்த்தால் இதுதான் நடக்கும். இடையே இரும்பு-டைட்டானியச் சேர்மங்களும் டைட்டானியம் கார்பைடும் உருவாகின்றன. நேரத்தைக் கூட்டினால் அந்தப் படலம் தடிக்கும், இணைப்பு இன்னும் பலவீனமாகும். இடையே நிக்கலோ, நயோபியமும் செம்புமோ வைத்து இரண்டையும் பிரியுங்கள். உடைந்த பரப்பு தட்டையாக மின்னினால் சேர்மம் உடைந்தது என்று அறியலாம்.

இணைப்பை ஒட்டி ஒரு பக்கம் மட்டும் பொந்துகள்

செம்பும் நிக்கலும் சேரும் இடத்தில், செம்புப் பக்கத்தில் வரிசையாகச் சிறு பொந்துகள் தெரியலாம். நிக்கல் உள்ளே வரும் வேகத்தைவிடச் செம்பு வெளியேறும் வேகம் அதிகம். காலியான இடங்கள் ஒன்றுகூடிப் பொந்தாகின்றன. 1947-இல் பித்தளையிலும் செம்பிலும் இதைக் காட்டிய கிர்கெண்டாலின் பெயராலேயே இது அழைக்கப்படுகிறது. ஆரம்பத்தில் மூடாமல் விடப்பட்ட பொந்துகள் சரியாக இணைப்புக் கோட்டின் மேலேயே இருக்கும், அழுத்தத்தைக் கூட்டினால் மூடும். கிர்கெண்டால் பொந்துகள் கோட்டிலிருந்து சற்று விலகி ஒரே பக்கத்தில் இருக்கும், நேரத்தைக் கூட்டினால் பெருகும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் தவறான பக்கம் திருப்பிவிடுவீர்கள்.

உள்ளே வெட்டிய வாய்க்கால்கள் நசுங்கிவிட்டன

வாய்க்கால் வெட்டிய தகட்டில் தொடும் பரப்பு பாதிதான் என்றால், முழுப் பரப்புக்குக் கணக்கிட்ட எடை அங்கே இரு மடங்கு அழுத்தமாகிறது. வாய்க்கால்களைக் கழித்த பரப்பைக் கொண்டு எடையைக் கணக்கிடுங்கள். மொத்த உயரம் எவ்வளவு குறைந்தது என்பதை ஒவ்வொரு லோடிலும் அளந்து எழுதுங்கள். கேளா ஒலிச் சோதனை, இரண்டு பரப்பும் நெருங்கித் தொட்டு மட்டும் நிற்கும் இடத்தைப் பிணைந்ததாகவே காட்டக்கூடும் என்பதால், அதன் முடிவோடு சாட்சித் துண்டின் உரித்தல் சோதனையையும் சேர்த்தே பாகத்தை அனுப்ப வேண்டும்.